ஆறு இதழ் காபிப் பூ

தலைச்சோலை, ஏற்காடு
12.6.1987

அன்புள்ள அக்காவுக்கு,

சாந்தாமேரி எழுதுவது. இங்கே மழை, சளி, மற்றபடி சுகம்.

உங்கள் பெங்களூர் கடைக்கு நான் சில்வர் ஓக் மரத்தில் செதுக்கி அனுப்பும் பொம்மை விமானங்களால் வம்பு வந்துவிட்டது. வாலில் விமானக் கம்பெனியின் பெயரையும் சின்னத்தையும் கேட்காமல் போட்டது குற்றமாம். அவர்கள் வக்கீல் எழுதியிருக்கிறார். என் மேலேயே எனக்கு அருவருப்பாகிவிட்டது. இத்தனை நாள் அடுத்தவர் பெயரில் பிழைத்திருக்கிறோமே! எழுதியிருந்த எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டேன். இனி என் சொந்த விமானம், வாலில் காபிப் பூ. மாதிரிக்கு ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

தங்கை,
சாந்தா

பெங்களூர்
20.6.1987

என் கண்ணு சாந்தாவுக்கு,

அக்காவின் முத்தங்கள். காபித் தோட்டத்திலேயே பிறந்துவிட்டு, பூவுக்கு ஐந்து இதழ் என்று தெரியாதா? ஆறு வரைந்திருக்கிறாய்! கடையில் எல்லோரும் சிரித்தோம். ஆனாலும் மாற்றாதே. இது உன் பூ, உன் கை தவறிப் பூத்தது. வந்தவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். காபித்தூள் அனுப்பவே மாட்டாயா?

ஜெயமேரி

தலைச்சோலை
3.2.1990

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றுத் தபால்காரர் அங்கப்பன் ஒரு பதிவுத் தபாலோடு வந்தார். "பெங்களூரு வக்கீல் தபாலுங்க. அக்காளுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?" என்று பதறினார். பிரித்துப் பார்த்தால், அனுப்பச் சொன்னதே நீங்கள். ஆறு இதழ் பூ உங்கள் கற்பனையாம். உங்கள் கடைச் சின்னமாகப் பதிய மனுப் போட்டிருக்கிறீர்களாம். இனி இங்கே ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களுக்கு அந்தப் பூவோடு நான் ஒன்றும் விற்கக் கூடாதாம்.

அதே பூ ஒட்டிய பிளாஸ்டிக் விமானங்கள் உங்கள் கடையில் தொங்குவதாகவும் கேள்விப்பட்டேன். அக்கா, அந்தக் காகிதத்தைத் தொட்ட கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். வக்கீல் தவறாக எழுதிவிட்டார் என்று ஒரு வரி போடுங்கள், போதும்.

சாந்தா

பெங்களூர்
11.2.1990

சாந்தாவுக்கு,

உனக்கு வியாபாரம் புரியாது. வேறு யாராவது திருடுவதற்குள் என் வீட்டுக்காரர்தான் முந்திக்கொண்டு மனுக் கொடுத்தார். நீ செய்வதை எங்களுக்கு மட்டும் கொடு. குடும்பத்துக்குள் உன் பூ, என் பூ என்ன? அது உன்னுடையது என்பதற்கு அத்தாட்சியா வைத்திருக்கிறாய்?

ஜெயமேரி

தலைச்சோலை
20.2.1990

ஜெயமேரி அவர்களுக்கு,

அத்தாட்சி கேட்டிருந்தீர்கள். முத்தங்களோடு வந்த கடிதம் என்பதால் பைபிளுக்குள் வைத்திருந்தேன். "இது உன் பூ" என்று உங்கள் கைப்பட எழுதியிருக்கிறது, தேதியோடு.

நேற்று சேலத்துக்குப் போய், உங்கள் மனுவை ஆட்சேபிக்கச் சொல்லி வக்கீலிடம் அதைக் கொடுத்துவிட்டேன். அசல் அவரிடமே இருக்க வேண்டுமாம். எனக்கு ஒரு நகல் வேண்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன்.

சாந்தாமேரி