சுப்பு வாங்கி வந்த ஈயச்சொம்பு

14 ஜூன் 1998

ரசம் வைக்க, கல்யாணத்துக்கு அம்மா தந்த ஈயச்சொம்பை இன்று என் வீட்டுக்காரர் சுப்பு உருக்கிவிட்டார். வெறுஞ்சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு உலகக் கோப்பை ஃபுட்பால் பார்க்கப் போய்விட்டாராம். நான் வந்து பார்த்தால் சொம்பைக் காணோம், பர்னர் மேல் கூழ்! "கத்தாதேடி, மாசமா இருக்கறவ கத்தப்படாது" என்கிறார். மசக்கையில் ரசம் தவிர எதுவும் வயிற்றில் தங்கவில்லை, அதற்கும் உலை வைத்தாச்சு. கத்தி முடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

20 ஜூன்

சாலைக் கடைத்தெரு நடைபாதையில் புதுச்சொம்பு வாங்கி வந்திருக்கிறார். பாதி விலையாம். "என்ன கனம் பாத்தயா?" பெருமை தாங்கவில்லை. ரசம் கமகமவென்று இருந்தது.

2 செப்டம்பர்

வயிற்றுவலி. மலச்சிக்கல். பிள்ளைத்தாச்சிக்கு சகஜம்தானே? சொம்பைத் தேய்த்தால் கை கறுக்கிறது.

9 செப்டம்பர்

எனக்கு ரத்தம் ஏறவே இல்லை, வயிற்றுவலி வேறு. அதனால் டாக்டர் ஞானபாய் போன தடவையே எதில் சமைக்கிறேன் என்று கேட்டிருந்தார். இன்று சொம்பைக் கொண்டுபோனோம். வெள்ளைக் காகிதத்தில் அதை உரசினார். பென்சில் போட்ட மாதிரி கறுப்புக் கோடு.

"இது வெள்ளீயம் இல்ல மோளே, காரீயமாக்கும், விஷம். புளி அதக் கரைச்சு எடுக்கும். உன் ரத்தம் வழியா பிள்ளைக்குப் போவும். மூளை வளருற நேரம்லா?"

தினம் மூணு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சேனே, பகவானே! குழந்தைக்கு என்ன ஆகும்? பேச்சு வருமா? படிப்பு ஏறுமா? "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. மொதல்ல இத நிறுத்து" என்றார். ரத்தம் எடுத்தார்கள்.

வழியெல்லாம் சுப்பு சொம்பைத் துண்டில் சுற்றி மறைத்துக்கொண்டே வந்தார்.

25 செப்டம்பர்

ரத்தத்தில் காரீயம் கூடுதல்தான், கைமீறிப் போகவில்லையாம். பால், கீரை, இரும்பு மாத்திரை. சுப்பு எவர்சில்வரில் ரசம் வைத்துத் தந்தார், தனக்கு மோர் ஊற்றிக்கொண்டார். "நேக்கு இனிமே ரசம் வேண்டாம்." அந்த மூஞ்சியைப் பார்த்து எப்படித் திட்ட?

22 டிசம்பர்

பெண்! இரண்டே முக்கால் கிலோ. அனுஷா. அழுதால் தெருவே எழுந்துவிடும். சந்தோஷம் சந்தோஷம்.

4 ஏப்ரல் 2001

எதிர்வீட்டுக் குழந்தை தமிழும் மலையாளமுமாய் வெளுத்துக்கட்டுகிறது. இவளுக்கு இன்னும் "அம்மா", "தா", அவ்வளவுதான். காரீயமா? சும்மா தாமதமா? "அத யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. நீங்க பேசிட்டே இருங்க" என்கிறார் டாக்டர்.

அதற்குச் சொல்ல வேண்டுமா சுப்புவுக்கு! ஆபீஸ் விட்டு வந்ததும் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிழக்கேகோட்டை வரை ஆட்டோ, காக்கா, ஆனை என்று கூவிக்கொண்டே போகிறார். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

20 ஜனவரி 2002

மத்தியானம் அனுஷாவுக்கு ரசம் விட்டுப் பிசைந்து தந்தேன். சுப்பு வழக்கம்போல மோருக்குக் கை நீட்டினார். அனுஷா அவர் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பாக்கு ரசம் விடு."

முழு வாக்கியம்! சுப்பு தட்டை முன்னால் தள்ளினார். விட்டேன்.

ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கூடிடுத்து" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

உப்பு சரியாகத்தான் இருந்தது.