தண்ணீர் ஊற்றினாலும் போகாதது

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். என் பாப்பாவின் தலைமாட்டில் மாமியார் அயித்தை வைத்த வேப்பிலை வாடி மணக்கிறது. அந்தக் கசப்பு வாடையில் எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. உன் ஞாபகம்தான் வருகிறது.

நாள்கணக்கில் கொதித்த காய்ச்சல் நேற்று விட்டது. விட்ட கையோடு அவள் நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாய்ப் பொரிந்துவிட்டது. அயித்தை அப்போதே அடுப்பில் தாளிப்பதை நிறுத்திவிட்டார். "ஆத்தா வெளாட வந்திருக்கா. நீ எதுக்கு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு இருக்க?"

காரைக்குடி டாக்டர் வேறு மாதிரி சொன்னார். "அம்மை இல்லம்மா, இது ஹெர்ப்பிஸ் குடும்பத்து வைரஸ். பச்சப்புள்ளைகளுக்கு வர்றதுதான், பயப்படாதீக." பெயரைக் கேட்டதும் பாப்பாவை இறுக்கி அணைத்துக்கொண்டேன். உன்னைக் கொண்டுபோனதும் அந்தக் குடும்பம்தானே.

கல்லூரியில் எனக்கு மண்டையில் ஏறாத பாடத்தை, புதுவயல் அரிசி மில் சத்தத்தில் வளர்ந்த நீதான் விடுதி மொட்டைமாடியில் புரியவைத்தாய். உடம்பைக் காக்கிற வெள்ளை அணுவின் மேலேயே வைரஸ் ஒட்டுகிறது. உள்ளே நுழைந்து தன் டி.என்.ஏ.வை உட்கருவுக்குள் விடுகிறது. அதன்பின் அணு அந்த வைரஸையே நகலெடுத்துத் தள்ளுகிறது. "மில்லு நம்ம மில்லு, கரண்டு நம்ம கரண்டு. அரைபடுறது மட்டும் அவன் நெல்லுடி." நான் சிரித்தேன். "சிரிக்காத. செலது அரைக்காம, சத்தங்காட்டாம உள்ளயே படுத்துக்கும். நாம சாகுற வரைக்கும்."

பிறகு உனக்குச் சிறுநீரகம் மாற்றினார்கள். அதை உடம்பு ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கினார்கள். படுத்திருந்தது எழுந்துவிட்டது. "பரீட்சையில எழுதுனது சரிதான் போலடி" என்றாய், மாஸ்க்குக்குள்ளிருந்து. என்னிடம் நீ கடைசியாகப் பேசியது அதுதான்.

எச்சிலில் பரவுமாம். நாம் ஒரே தட்டில் தின்றவர்கள். பாப்பாவை நான் முத்தம் கொடுத்தே கொஞ்சுகிறேன். "லூசு, பால் குடிக்கிற வயசுலயே எல்லாருக்கும் வந்துருச்சு" என்று நீ திட்டுவாய். தெரியும். எனக்குள் இருப்பது இப்போது அவளுக்குள்ளும் இருக்கிறது. டாக்டர் பயப்படாதே என்றதும் தெரியும். தெரிந்தும் அவள் நெற்றியை விட்டு என் கை வரமாட்டேன் என்கிறது.

வெள்ளிக்கிழமை தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் ஆத்தா இறங்கிப் போய்விடுவாள் என்கிறார் அயித்தை. அவருக்கு அன்றோடு பயம் முடிந்துவிடும். எனக்கு? பாப்பாவுக்குள் அது என்றைக்காவது புரண்டு படுத்தால் நான் எதை வைத்துக் கண்டுபிடிப்பேன்? உனக்கு முதன்முதலில் என்ன செய்தது, காய்ச்சலா, அசதியா? அதை மட்டும் சொல். சீக்கிரம் பதில் போடுடி.