ஏரி பெருகிய அன்று அறுந்த குரல்

அன்புள்ள நைனாவுக்கு,

வணக்கம். கமோர்ட்டா தீவு ஆஸ்பத்திரியில் வேலை நன்றாகப் போகிறது. உங்கள் சளி குறைந்ததா?

நாம் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். திருநின்றவூர் ஏரி பெருகிய அன்று போன் போகவில்லை; ரேடியோவில்தான் உங்களைப் பிடித்தேன். "தண்ணி வாசலாண்ட வந்துகினு கீது, பயப்படாத கண்ணு, நான்..." என்றீர்கள். அத்தோடு உங்கள் பழைய செட் அடங்கிவிட்டது. மறுநாள் உங்கள் போன் வரும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கொஞ்சம்தான் அழுதேன். இப்போது மழை தூறினாலே ரேடியோ முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

உடனே புது செட் வாங்கி மாடியில் வையுங்கள். இங்கே வருகிறவர்களிடம் மோர்மிளகாய் கொடுத்தனுப்புங்கள்.

தபால் கப்பல் கிளம்புகிறது. தினம் சாயங்காலம் கூப்பிடுங்கள் நைனா. சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும் மைக்கை அழுத்துங்கள். நீங்கள் மூச்சுவிடுவது கேட்டால் போதும்.

தேவிப்பிரியா