வெங்காயத்தோல் மஞ்சள்

ஆவணி 5
விடியற்காலையிலிருந்து மழை. பாலிகஞ்ச் சாலையில் முழங்கால் தண்ணீர். ஈரச் சட்டையோடு ஆபீஸ்.
சாயப் பரிசோதனை அறையில் புது வேலை. வெங்காயத்தோலைக் காய்ச்சி அதிலுள்ள மஞ்சள் பொருளைப் பிரிக்க வேண்டும். பெயர் குவர்சிட்டின். சீமையில் ஓக் மரப்பட்டையிலிருந்து எடுப்பதாம். இங்கே கல்கத்தாவில் கிடைப்பதில் எதிலெல்லாம் இருக்கிறது என்று துரைக்குத் தெரிய வேண்டும்.
தோலுக்கு எங்கே போக? வெங்காயம் நுழையாத வீடு. மனைவி விசாலத்திடம் சொன்னேன். சிரித்தாள்.

ஆவணி 7
தூறல். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளிடம் (தெருவுக்கே அவள் பௌதி, அதாவது அண்ணி) விசாலம் ஒரு கூடைத் தோல் வாங்கி வந்துவிட்டாள். ஏழு மாத வயிற்றோடு. அம்மாவுக்குக் கோபம்.
"பிள்ளைத்தாச்சி இதையெல்லாம் தொடலாமாடா? நீ படிச்சவன்தானே?"
கொல்லையில் தனி அடுப்பு. படிகாரம் போட்டதும் மஞ்சள் பளிச்சென்று. விசாலம் பழைய பட்டுத் துண்டு ஒன்றை முக்கி எடுத்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

ஆவணி 10
வெயில்! இதுவரை அகப்பட்டது: வெங்காயத்தோலில் நிறைய. தேயிலையில் கொஞ்சம். காசுக்கட்டி, சந்தேகம். துரை தோளில் தட்டினார்.
விசாலம்: "தேயிலையிலயுமா? நீங்க ஆபீஸ்ல குடிக்கறேளே, அதுலயா? அம்மா காதுல விழப்போறது."
சமையலறையிலிருந்து அம்மா: "விழுந்தாச்சு."
மூவரும் சிரித்தோம்.

ஆவணி 12
விசாலம் போய்விட்டாள்.
நேற்றுக் காலை வாந்திபேதி. டாக்டர் வருவதற்குள் கண் குழிந்து, குரல் அடைத்து. என் கையை இழுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள்.
"அசையறதா பாருங்கோ."
"அசையறது" என்றேன்.
அசையவில்லை.
சாயங்காலம் எல்லாம் முடிந்தது.

ஆவணி 13
மறுபடி மழை. அம்மா கொல்லை அடுப்பை உடைத்துப் போட்டாள். "அந்தத் தோல்தான்டா. அந்த வீட்டு வாசப்படி ஏறினாளே, அதான்."
தெருவில் பல வீட்டில் இதே வாந்திபேதி. குளத்துத் தண்ணீர் என்கிறார் டாக்டர். அம்மாவிடம் சொன்னேன், கேட்கவில்லை. என் மனசும் கேட்கவில்லை. தோல் வேண்டும் என்று சொன்னவன் நான்தானே.
பௌதி வாசலில் நின்று அழுதாள். "ஆமார் தோஷ்?" என் தப்பா என்று. அம்மா கதவைச் சாத்தினாள். நான் திறந்தேன். இருவரும் நின்றோம்.
கும்பகோணத்துக்கு நேற்றே தந்தி. பதில்: சீமந்தத்துக்காக மாமனார் முன்கூட்டியே ரயில் ஏறிவிட்டார். வழியில் சொல்ல யாருமில்லை.

ஆவணி 15
ஹௌரா ஸ்டேஷன். மெட்ராஸ் மெயில் தாமதம். பிளாட்பாரத்தில் ஒரே இரைச்சல்.
மாமனார் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டார். கரி படிந்த வேஷ்டி, சிரிப்பு, கக்கத்தில் வளையல் பெட்டி.
"மாப்பிள்ளை! ரொம்ப நேரமா நிக்கறேளா? விசாலம் வந்திருக்காளோ? வெளியில வண்டியில உக்காந்திருக்காளா?"
என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.
பெட்டியை வாங்கிக்கொண்டேன்.