தோசாய் பாணிக் கிண்ணம்

கியோட்டோ
பிப்ரவரி 12, 1968

அன்புள்ள தங்கை இட்சுகோவுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். உன் தேநீர் விருந்தும் அந்தச் சிவப்புப் பயறு இனிப்பும் அருமை. அறைதான் கொஞ்சம் குளிர். அடுத்த முறை கரியைக் கூடுதலாகப் போடு.

ஒரு வேடிக்கை. "கிண்ணம் யார் கைவேலை?" என்று உன் முதன்மை விருந்தாளி அசாகுரா ஐயா கேட்க, நீ "தோசாய்" என்று அந்தக் காலத்துப் பெரிய குயவரின் பெயரைச் சொன்னாயே, அந்தக் கிண்ணம் கைமாறிக் கைமாறிக் கடைசியில் என்னிடம் வந்தது. பக்கத்திலிருந்த அம்மாள், "பார்த்துப் பிடிங்க, முந்நூறு வருஷத்துப் பொருள். நழுவுச்சுன்னா போச்சு!" என்று காதில் சொன்னார். போன வருஷம் என் சூளையில் சுட்டு உனக்கு அனுப்பிய கிண்ணம் அது. எல்லோரையும் போல நானும் அதைக் குனிந்து வணங்கினேன்.

கோபம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன் தெய்ஜி


கனசாவா
பிப்ரவரி 20, 1968

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணாவுக்கு,

"கோபம் இல்லை" என்பதற்குப் பதில் நீங்கள் திட்டியே இருக்கலாம்.

"தோசாய் பாணி, என் அண்ணன் செய்தது." இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? முதல் சொல்லிலேயே அசாகுரா ஐயாவின் முகம் மலர்ந்துவிட்டது. என்னிடம் தேநீர்க் கலை கற்கும் மாணவிகள் என்னையே பார்த்தார்கள். வாய் அங்கேயே நின்றுவிட்டது. உங்களைக்கூட "கியோட்டோவிலிருந்து ஒருவர்" என்றுதானே அறிமுகம் செய்தேன்.

நேற்று, உங்கள் பெயர் எழுதிய கிண்ணப் பெட்டியோடு அசாகுரா ஐயா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். "அப்போ நான் விழுந்து கும்பிட்டது உயிரோட இருக்கிறவர் கிண்ணத்தையா? ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேனேம்மா!" என்றார். எப்போதும் வாசல்வரை வருகிறவர், நேற்று எழுந்திருக்கவே இல்லை. மாணவிகளிடமும் சொன்னேன். இன்று சிலர் வகுப்புக்கு வரவில்லை.

அது போகட்டும். உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? வசந்தத்தில் மறுபடி வாருங்கள். எல்லோர் முன்னாலும் உங்கள் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன்.

வெட்கத்துடன்,
இட்சுகோ


கியோட்டோ
மார்ச் 3, 1968

இட்சுகோ,

இனி மன்னிப்புக் கேட்டு எழுதாதே. என்னால் தாங்க முடியவில்லை.

அந்த அறையில் எனக்கும் வாய் இருந்தது. "அது நான் செஞ்சதுங்க" என்றிருந்தால் சிரித்து முடித்திருப்போம். உன் மானத்தைக் காக்கத்தான் சும்மா இருந்தேன் என்று ரயிலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பொய். அசாகுரா ஐயா கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, "இப்படி இன்னிக்கு எவன் செய்யறான்?" என்றாரே, அப்போது எனக்கு உச்சந்தலைவரை இனித்தது. என் கையைத் தோசாயின் கை என்று இன்னும் கொஞ்ச நேரம் நம்பட்டும் என்று ஆசையாக இருந்தது. இதை மறைத்துக்கொண்டுதான் வேடிக்கை என்று எழுதி உன்னைக் குத்தினேன். நீயோ தனியாகப் போய் அவமானப்பட்டு வந்திருக்கிறாய்.

நானும் அவருக்கு எழுதினேன். பதில் இல்லை.

நீ கூப்பிட்ட வசந்த விருந்துக்கு நான் வரவில்லை. என் பெயரை நீ சொல்லும்போது எந்தப் பக்கம் பார்ப்பேன்? நீ இங்கே வா. சூளைப் பக்கமாக உட்கார்ந்து டீ குடிப்போம். யாரும் எதையும் பாராட்ட வேண்டாம்.

தெய்ஜி