மோட்டார் ரூம் சுவர்

காரமடை,
கார்த்திகை 9

அன்புள்ள நிதீஷுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் நலமாக இருப்பாய் என்று எழுத மனம் வரவில்லை. வேலையை விடுவதாக நீ எழுதிக் கொடுத்துவிட்டாய் என்று மருமகள் அக்ஷயா போன் செய்து அம்மாவிடம் அழுதாள். கனடாவில் பனி உறையும் ஆறுகளுக்கெல்லாம் பாலம் போட்டவன், சொந்த ஊர்ப் பள்ளத்து ஓடைக்கு வரைந்து கொடுத்த சின்னப் பாலத்தால் இப்படி ஆகிவிட்டாய். நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. எடுத்தாலும் அம்மா பக்கத்தில் இருப்பாள். அதனால்தான் கடிதம்.

மழை விட்டுப் பதினைந்து நாளாகிறது. பாலம் அப்படியே நிற்கிறது, ஒரு விரிசல் இல்லை. அன்று நம் தோப்பில் வேலை முடித்து மாசாணியம்மாள் வீட்டுக்குக் கிளம்பியபோது பாலத்தின் மேல் கணுக்கால் அளவுதான் தண்ணீர். நடுப்பாலம் போவதற்குள் இடுப்புக்கு ஏறிவிட்டது. மறுநாள் தடுப்பணையில்தான் உடலை எடுத்தார்கள்.

அவள் புருஷன் வேலுமணியைப் பார்க்கப் போனேன். அந்த நிலையிலும் எழுந்து எனக்கு நாற்காலி போட்டான். தம்பி படிச்சவருங்க, அவரு கணக்குல தப்பு வராதுங்க, எங்க நேரந்தானுங்க சரியில்ல என்றான். அவன் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

படம் வரையும்போது நீ என்னிடம் ஒன்றுதான் கேட்டாய். மோட்டார் ரூம் சுவரில் பழைய வெள்ளத்தின் கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அளந்து போட்டோவோடு அனுப்புங்கள் என்றாய். அளந்தேன். ஆறடி. பாலத்தை அவ்வளவு உயர்த்தினால், ஏறும் பாதைக்கு நம் தோப்பில் பதினொரு தென்னை போகும் என்று முன்பே சொல்லியிருந்தாய். எல்லாம் காய்க்கிற மரம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். மூன்றடியில் செம்மண்ணைக் கரைத்துக் கோடு இழுத்து, அதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அவ்வளவு தண்ணீர் இனி எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன். அந்தப் பாலத்தில் தினமும் நடக்கப்போவது நான் இல்லை அல்லவா.

வேறு யார் சொல்லியிருந்தாலும் நீ இரண்டு தரம் சரிபார்த்திருப்பாய். அப்பா சொன்னதால் நம்பினாய். சாப்பிடாமல் அந்தப் படத்தையே விரித்து வைத்துக் கணக்குப் போடுகிறாயாம். அதில் தேடாதே கண்ணு. தப்பு அங்கே இல்லை.

இது உன் கைக்கு வருவதற்குள் வேலுமணியிடம் சொல்லியிருப்பேன், போலீசிலும் சொல்லியிருப்பேன். அம்மாவிடம் சொல்வதற்குத்தான் பயமாக இருக்கிறது. தென்னை பதினொன்றும் நிற்கிறது. தோப்புப் பக்கம் போகவே முடியவில்லை.

என்னோடு பேசாவிட்டாலும் போகட்டும், எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள் சாமி. நீ போடும் பாலத்தில் நடக்கிறவர்கள் எல்லோரும் வீடு போய்ச் சேரட்டும். இனி யார் அளவு சொன்னாலும், பெற்ற அப்பனே சொன்னாலும், ஒரு முறை நேரில் போய்ப் பார்த்துவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
தம்பிதுரை