வழுக்கை ஆற்றில் கழுவிய தாங்கிகள்

மச்சாள்,

இன்று விடிந்ததும் முற்றம் கூட்ட வெளியே வந்தேன். மலக்குழி நாற்றம் மூக்கில் அடித்தது. உனக்குத் தெரிந்த அதே நாற்றம்தான். வீடுகளின் கழிவு அள்ளும் பவுசர் லொறி மறுபடியும் ஆற்றில் ஊற்ற வந்துவிட்டது. நீ போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. இனிக் கேட்க ஆளில்லை என்று நினைத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. முதலில் அவர்கள்மேல், பிறகு உன்மேலும்தான். வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போக உனக்கு என்ன அவசரம்?

எங்கள் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல இருப்பது இந்த வழுக்கை ஆறு ஒன்றுதான். அதுவும் மாரியில் மட்டும் ஓடும். மிச்ச நாளெல்லாம் மாடு கட்டவும் கிரிக்கெட் விளையாடவும் குப்பை கொட்டவும் நல்ல இடம். வெளியூர் ஆள் யாராவது வந்து ஆறு எங்கே என்று கேட்டால், அதன் நடுவில் நின்றுகொண்டே நாங்கள் திசை காட்டுவோம். நீ மட்டும்தான் கொளுத்தும் வெயிலிலும் அதை ஆறு என்றாய். "தண்ணி இல்லாட்டில் ஆறில்லையோ? மாரிக்கு எல்லாம் கரைஞ்சு எங்கடை கிணத்துக்கைதானே வரப்போகுது" என்று வேலிக்கு மேலால் கத்துவாய். கீழே முழுக்கச் சுண்ணாம்புக் கல். ஆற்றில் ஊற்றுவது கிணற்றுக்கு வந்து சேரும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தோம்.

வாசிகசாலையில் இதுபற்றிக் கூட்டம் வைத்த அன்று பவுசர் முதலாளியும் வந்திருந்தார். ஏன் ஆற்றில் ஊற்றுகிறீர்கள் என்று நீ எழும்பிக் கேட்டதும் சிரித்துக்கொண்டே, "அக்கா, நீங்கள் மருந்துத் தாங்கி எங்கை கழுவிறனீங்கள்?" என்றார். சபை முழுக்கச் சிரித்தது. கேள்வி சரிதான். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பூச்சிமருந்து அடித்துவிட்டு, முதுகில் சுமக்கும் அந்தத் தாங்கியை ஆற்றில் கழுவாத வீடு எங்கள் கரையில் இல்லை. மாரியில் ஓடுகிற தண்ணீர்தானே, கடலுக்குப் போய்விடும் என்று நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். நான் உன் சேலையைப் பிடித்து இழுத்தேன். "இரு மச்சாள், மானம் போகுது" என்றேன்.

நீ உட்காரவில்லை. "ஓம், ஆத்துக்கைதான் கழுவினனான். பிழைதான். இண்டையிலையிருந்து கழுவமாட்டன். இனி உங்கடை பிழையைச் சொல்லுங்கோ" என்றாய். சிரிப்பு நின்றுவிட்டது. "வேறை ஆர் கழுவினது?" என்று எங்கள் பக்கம் திரும்பினாய். ஒரு கையும் எழும்பவில்லை. என் கையும்தான்.

அதை நீ ஒருநாளும் குத்திக் காட்டவில்லை. மறுநாளே தாங்கி கழுவிய தண்ணீரை உன் வெங்காயப் பாத்திக்கே அடித்தாய். என்னையும் அடிக்க வைத்தாய். கடைசி நாளில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும், "பவுசர்காரன் வாறானோ?" என்றுதான் கேட்டாய். கூட்டத்துக்குப் பிறகு வரவில்லை என்றேன். அப்போது அது உண்மையாக இருந்தது.

இன்று விளக்குமாற்றோடேயே போனேன். மதகடியில் பவுசர் நின்றது. கொஞ்சம் ஊற்றியாகிவிட்டது, சாரதி குழாயை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். "தள்ளுங்கோ அன்ரி, ஆத்திலைதான் தண்ணி ஒண்டுமில்லையே" என்றான். ஊற்றியதை மிதித்துக்கொண்டு இறங்கி, குழாய் வாய்க்கு நேரே நின்றேன். விளக்குமாற்றைக் குறுக்கே பிடித்தேன், மச்சாள்.

"நீங்கள் மட்டும் திறமோ? தோட்டக்காரர் ஊத்தாத நஞ்சோ?" என்று கேட்டான்.

"ஓம், நானும் கழுவினனான். கூட்டத்திலை வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான். அதுதான் இண்டைக்கு இதுக்கை நிக்கிறன். ஊத்திறதெண்டால் என்ரை தலையிலை ஊத்து."

அவன் குழாயைச் சுற்றினான். "நாளைக்கு அங்காலை மதகுக்குப் போறன்" என்று முணுமுணுத்தபடி ஏறிப் போனான்.

போகட்டும். உன் கூச்சமில்லாத வாயை நான் எடுத்துக்கொண்டேன். அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஆறு போய் விழும் அராலிக் கடல் வரைக்கும் எத்தனை மதகு இருந்தாலும் இருக்கட்டும். எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியும்.